லிவர்பூலின் பத்து பேர்: சாலாவுக்கு எந்த இடம்?

கேள்வி இதுதான்: இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து அணியின் வரலாற்றில் ஆகச்சிறந்த பத்து வீரர்களை வரிசைப்படுத்தினால் யார் யார் வருவார்கள்? 2025 லீக் பட்டத்துக்குப் பிறகு முகமது சாலாவை முதலிடத்தில் வைக்கலாமா? பழைய வீரர்களை இப்போதுதான் பார்க்கத் தொடங்கும் ஒருவர் எந்த ஆட்டத்திலிருந்து தொடங்குவது?

சாலா என் வரிசையில் நான்காவது. அவருக்கு மேலே கென்னி டால்கிளிஷ், ஸ்டீவன் ஜெரார்டு, பில்லி லிடல். அவருக்குக் கீழே இயன் ரஷ், விர்ஜில் வான் டைக், கிரேம் சூனஸ், ஜான் பார்ன்ஸ், ரோஜர் ஹன்ட், இயன் கேலகன். லிடல் பெயரைப் பார்த்ததும் பலர் புருவத்தை உயர்த்துவார்கள். அதற்குக் காரணம் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கோல் எண்ணிக்கையை மட்டும் வைத்தால் ரஷ் முதலிடம், ஆட்ட எண்ணிக்கையை வைத்தால் கேலகன், பதக்கங்களை வைத்தால் ஃபில் நீல். 1977 முதல் 1985 வரை லிவர்பூல் ஆடிய ஐந்து ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) இறுதி ஆட்டங்களிலும் களத்தில் இருந்த ஒரே லிவர்பூல்காரர் அவர். நல்ல டிஃபெண்டர்தான், ஆனாலும் நீலை முதலிடத்தில் வைக்க எந்த ரசிகருக்கும் மனம் வராது. அதனால் நான் வேறு கணக்கு போடுகிறேன். அந்த வீரரை அவர் ஆடிய ஆண்டுகளிலிருந்து உருவி எடுத்துவிட்டுப் பார்த்தால், கிளப்பின் கதை எந்த அளவுக்குச் சரிகிறது? சில பேரின் விஷயத்தில் இதைக் கற்பனை செய்யவே வேண்டியதில்லை. விற்றதாலோ காயத்தாலோ அவர்கள் இல்லாத அணியை நாம் நேரிலேயே பார்த்துவிட்டோம்.

டால்கிளிஷிலிருந்து தொடங்குகிறேன். 1977 கோடையில் கெவின் கீகன் ஹாம்பர்க்குக்குப் போனார். அப்போதுதான் முதல் ஐரோப்பியக் கோப்பையை வென்று முடித்திருந்த அணி, தன் பெரிய நட்சத்திரத்தை இழந்து நின்றது. மேலாளர் பாப் பெய்ஸ்லி 4,40,000 பவுண்டு கொடுத்து செல்டிக்கிலிருந்து டால்கிளிஷைக் கொண்டுவந்தார், கீகனின் அதே 7ஆம் எண் சட்டையைக் கொடுத்தார். அந்த ஒரே சீசனில் கீகனைப் பற்றிய புலம்பல் ஓய்ந்துவிட்டது. என் பத்து பேரில் கீகனுக்கு இடமில்லாமல் போனதற்கும் அதுதான் காரணம். அவர் போன பிறகு அணி இன்னும் மேலே போனது.

1978 மே மாதம், வெம்ப்ளி, கிளப் ப்ரூஜுக்கு எதிரான இறுதி ஆட்டம். சூனஸ் இரண்டு டிஃபெண்டர்களுக்கு நடுவே பந்தைத் தள்ளிவிடுகிறார். டால்கிளிஷ் பெட்டிக்குள் வலது பக்கமாக ஓடி வருகிறார், கோல்கீப்பர் யென்சன் முன்னேறி வருகிறார். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் முதல் தொடுதலிலேயே அடித்துவிடுவார்கள். டால்கிளிஷ் அடிக்கவில்லை. கீப்பர் கீழே விழும்வரை ஒரு கணம் பொறுக்கிறார். அவர் விழுந்ததும் அவருக்கு மேலே பந்தை மெல்லத் தூக்கிவிடுகிறார். பந்து வலைக்குள் போவதற்குள் திரும்பி ஓடத் தொடங்கி, விளம்பரப் பலகையைத் தாண்டிக் குதிக்கிறார். ஆட்டத்தின் ஒரே கோல் அது. அவருடைய ஆட்டம் முழுவதையும் அந்த ஒரு கணப் பொறுமையில் பார்த்துவிடலாம். வேகம் பெரிதாகக் கிடையாது. முதுகைக் கோலுக்குக் காட்டிக்கொண்டு, இடுப்பால் டிஃபெண்டரைப் பின்னால் தள்ளி நிறுத்தி, பந்தை அடக்கிக்கொண்டே யார் எங்கே ஓடுகிறார்கள் என்று பார்த்துவிடுவார். ரஷ் அடித்த கோல்களில் எத்தனை டால்கிளிஷ் தலைக்குள் முதலில் பிறந்தவை என்று பழைய ஆட்டங்களைப் பார்த்தாலே புரியும்.

515 ஆட்டங்கள், 172 கோல்கள், மூன்று ஐரோப்பியக் கோப்பைகள். அப்புறம் 1985இல், 34 வயதில், ஆட்டக்காரராக இருந்துகொண்டே மேலாளர் பொறுப்பையும் ஏற்றார். 1986 மே 3 அன்று செல்ஸி மைதானத்தில் பந்தை நெஞ்சில் வாங்கி, கீழே விழுமுன் அடித்து, லீக் பட்டத்தை அவரே முடித்துவைத்தார். அடுத்த வாரமே எஃப்.ஏ. கோப்பையும் வந்தது. மேலாளரே கோல் அடித்துப் பட்டம் வாங்கிக்கொடுத்த காட்சியை இனி யாரும் பார்க்கப் போவதில்லை.

ஹில்ஸ்பரோவையும் சொல்லாமல் விட முடியாது. 1989 ஏப்ரல் 15 அன்று ஆட்டம் பார்க்கப் போன லிவர்பூல் ரசிகர்களில் 97 பேர் அந்த மைதானத்தில் ஏற்பட்ட நெரிசலின் விளைவாக உயிரிழந்தார்கள். இறுதிச்சடங்குகளுக்கு டால்கிளிஷும் அவர் மனைவியும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் நின்றார்கள், ஒரே நாளில் நான்குக்குப் போனதும் உண்டு. வீரர்களின் வரிசையில் இதைச் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் சேர்ப்பேன். அந்த மாதங்களில் அந்த ஊர் சாய்ந்துகொள்ளத் தோள் கொடுத்தவர் அவர். அவரை உருவி எடுத்தால் கிளப்பின் கதையில் விழும் ஓட்டை கோப்பைகளோடு நிற்காது.

ஜெரார்டு இரண்டாவது. கிளப்பே ரசிகர்களிடம் 2006இல் நடத்திய வாக்கெடுப்பில் டால்கிளிஷ் முதலிடம் பிடித்தார், 2013இல் ஜெரார்டு முதலிடத்துக்கு வந்தார். ஆக, இந்த இரண்டு இடங்களை மாற்றிப்போட்டால் நான் சண்டைக்கு வர மாட்டேன். 1998 முதல் 2015 வரை 710 ஆட்டங்கள், 186 கோல்கள், லீக் பட்டம் மட்டும் கிடைக்கவே இல்லை. 2014இல் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது செல்ஸிக்கு எதிராக அவர் வழுக்கி விழுந்து கோல் வாங்கியதைச் சொல்லி அவரைக் குறைக்கப் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவருடைய உச்ச ஆண்டுகள் பலவற்றில், எதிரணிகளோடு ஒப்பிட்டால் அவரைச் சுற்றி இருந்த அணி சாதாரணமானது. டால்கிளிஷைச் சுற்றி சூனஸ், ஹேன்சன், ரஷ் இருந்தார்கள். ஜெரார்டு பல நாள் தனியாக இழுத்தார்.

2004-05ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் ஒலிம்பியாகோஸை இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் சாம்பியன்ஸ் லீகில் அடுத்த சுற்று. ரிவால்டோவின் ஃப்ரீ கிக்கில் முதல் கோல் வாங்கியாயிற்று. 86ஆவது நிமிடம் 2-1. மெல்லர் தலையால் இறக்கித் தந்த பந்தை, பெட்டிக்கு வெளியே இருந்து ஓடிவந்து அடித்தார் ஜெரார்டு. அது போகாமல் இருந்திருந்தால் இஸ்தான்புல்லே இல்லை. மே 25 அன்று இஸ்தான்புல்லில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஏ.சி. மிலானிடம் பாதி ஆட்டத்தில் 0-3. 54ஆவது நிமிடம் ரீஸெ தந்த கிராஸை ஜெரார்டு தலையால் அடித்தார். அடித்த கையோடு இரண்டு கைகளையும் மேலே தூக்கித் தூக்கி ரசிகர்களைக் கிளப்பிவிட்டுக்கொண்டே திரும்பி ஓடினார். மூன்றாவது கோலுக்கான பெனால்டியும், அவரை கட்டூஸோ பின்னாலிருந்து தடுத்ததால் கிடைத்ததுதான். இதெல்லாம் எல்லோரும் பேசுவது. யாரும் அதிகம் பேசாதது, கடைசி நேரத்தில் அவர் வலது பேக்காக இறங்கி, புதிதாக உள்ளே வந்த செர்ஜின்யோவை மறித்துக்கொண்டிருந்தது. ஒரே ஆட்டத்தில் மிட்ஃபீல்டர், தாக்குபவர், டிஃபெண்டர் என்று மூன்று வேலை.

மறுவருடம் கார்டிஃப், எஃப்.ஏ. கோப்பை இறுதி, வெஸ்ட் ஹாம் 3-2 முன்னிலை. தசைப்பிடிப்பால் ஜெரார்டால் சரியாக ஓடக்கூட முடியவில்லை. கூடுதலாக நான்கு நிமிடம் என்று மைதானத்தில் அறிவித்துக்கொண்டிருக்கும்போதே, வெளியே தட்டிவிடப்பட்ட பந்து அவரிடம் உருண்டு வருகிறது. முப்பது கெஜத்துக்கும் மேலே தூரம். ஓட முடியாததால்தான் அங்கிருந்தே அடித்தார் என்றுகூடச் சொல்லலாம். பந்து தரையை ஒட்டியே போய் மூலையில் இறங்கியது. 3-3, பிறகு பெனால்டியில் வெற்றி. லீக் கோப்பை, எஃப்.ஏ. கோப்பை, யூஇஎஃப்ஏ கோப்பை, சாம்பியன்ஸ் லீக் என்று நான்கு இறுதி ஆட்டங்களிலும் கோல் அடித்த ஒரே வீரர் அவர்.

இப்போது லிடல். இவரைப் பற்றி எழுதத்தான் எனக்கு உண்மையில் ஆசை. ஸ்காட்லாந்துச் சிறுவன், 1938இல் 16 வயதில் லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டுக்கு வந்தார். அவரைப் பற்றி கிளப்பிடம் எடுத்துச் சொன்னவர் அப்போது லிவர்பூலுக்கு ஆடிக்கொண்டிருந்த மேட் பஸ்பி. பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட்டைக் கட்டியெழுப்பிய அதே பஸ்பிதான். ஆனால் போர் வந்துவிட்டது. லிடல் விமானப்படையில் நேவிகேட்டராகச் சேர்ந்தார். அதிகாரபூர்வமான முதல் ஆட்டம் ஆட 1946 ஜனவரி ஆகிவிட்டது. அப்போது 24 வயதை நெருங்கியிருந்தார். ஒரு விங்கருடைய கால்கள் மிக வேகமாக இருக்கும் ஆண்டுகள் அப்படியே போய்விட்டன. அதற்குப் பிறகும் 534 ஆட்டங்களில் 228 கோல்கள்.

முதல் முழு சீசனிலேயே, 1946-47இல், லீக் பட்டம் கிடைத்தது. அதோடு சரி. 1950இல் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஆர்சனலிடம் தோல்வி. 1954இல் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. இங்கிலாந்தின் எந்தப் பெரிய கிளப்பும் அவரைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருக்கும், 1947, 1955 என இரண்டு முறையும் ஐரோப்பிய அணிக்கு எதிராக பிரிட்டன் அணிக்கு ஆடிய இருவரில் அவர் ஒருவர். இன்னொருவர் ஸ்டான்லி மேத்யூஸ். ஆனாலும் லிடல் போகவில்லை. கணக்காளர் வேலையையும் பார்த்துக்கொண்டே, இரண்டாம் பிரிவின் சேற்று மைதானங்களில் வாராவாரம் இறங்கினார். இடது விங்கில் ஆடினார், தேவைப்பட்டபோது நடு முன்வரிசையில் ஆடினார். ‘லிடல்பூல்’ என்று அணியின் பெயரையே மாற்றிக் கூப்பிட்டார்கள்.

1956இல் ஆன்ஃபீல்டில் மான்செஸ்டர் சிட்டியோடு ஒரு எஃப்.ஏ. கோப்பை ஆட்டம். 1-2 பின்தங்கிய நிலையில், கடைசி நொடியில் லிடல் பந்தோடு சீறிப்போய் வலைக்குள் அடித்தார். மைதானமே எழுந்துவிட்டது. ஆனால் பந்து உள்ளே போவதற்கு முன்பே நடுவர் ஆட்டம் முடிந்ததாக ஊதியிருந்தார், அந்தக் கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. கோல் இல்லை, ஆட்டமும் இல்லை. லிடலின் பத்தாண்டுகளை இதைவிடச் சரியாகக் காட்டும் காட்சி எனக்குத் தெரியாது.

பில் ஷாங்க்லி 1959 டிசம்பரில் மேலாளராக வந்தபோது லிடலுக்கு 37 வயது. 1960 ஏப்ரலில் அவருடைய விங் இடத்தில் 18 வயதான கேலகன் இறங்கினார். ஷாங்க்லி கட்டியது வெறும் மனையில் இல்லை. இரண்டாம் பிரிவிலும் ஆன்ஃபீல்டுக்கு வந்துகொண்டே இருந்த ஒரு கூட்டம் அவருக்குக் காத்திருந்தது. அந்தக் கூட்டத்தைக் கலையவிடாமல் வைத்திருந்த முதல் காரணம் லிடல். அவரை உருவிவிட்டு 1950களை நினைத்துப் பார்த்தால் எனக்கு பயமாக இருக்கிறது. அதனால்தான் மூன்றாவது.

சரி, சாலா. 2017இல் ரோமாவிலிருந்து வந்த முதல் சீசனிலேயே லீகில் 32 கோல்கள், மொத்தம் 44. லீகின் அதிக கோல் விருது நான்கு முறை. 2024-25 முடிவில் மொத்தம் 245 கோல்கள், கிளப் வரலாற்றில் ரஷ், ஹன்ட் இருவருக்கு மட்டுமே பின்னால். அந்த சீசனில் லீகில் மட்டும் 29 கோல்கள், 18 அசிஸ்ட்கள். 38 ஆட்டம் கொண்ட சீசனில் இத்தனை கோல்களில் யாருக்கும் பங்கு இருந்ததில்லை. அந்த வருடம் அவரை எடுத்துவிட்டால் 20ஆவது பட்டம் போய்விடும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2021 அக்டோபரில் சிட்டிக்கு எதிராக அடித்த கோலை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று தெரியாது. வலது ஓரத்தில், சுற்றிலும் நீலச் சட்டைகள், பந்தை உள்ளங்காலால் உருட்டி ஒருவரைக் கழற்றி, இன்னொருவருக்கு நடுவே புகுந்து, லபோர்ட்டை ஒரு பக்கம் சாய வைத்துவிட்டு, தன் பலவீனமான வலது காலால் தூரக் கம்பத்தில் பட்டு உள்ளே போகும்படி அடித்தார். விளையாட்டுத் திறமையை மட்டும் பேசினால் அவர் முதல் மூவரில் கட்டாயம் வருவார். ஆனால் சாலாவைச் சுற்றி ஃபிர்மினோ, மானே, வான் டைக், ஆலிஸன் என்று ஒரு முழுப் படை இருந்தது. மேலே இருக்கும் மூவருடைய கதையில், அவர்கள் இல்லையென்றால் நான்கு ஐந்து வெவ்வேறு இடங்களில் கிளப் தடுமாறியிருக்கும். நான்காவது என்பது எந்த வகையிலும் குறைவில்லை.

ரஷ் 660 ஆட்டங்களில் 346 கோல்கள், 1983-84இல் மட்டும் 47. அவர் கோல் அடித்த ஆட்டத்தில் லிவர்பூல் தோற்பதே இல்லை என்பது 1987 லீக் கோப்பை இறுதி வரை உண்மையாக இருந்தது. எதிரணி டிஃபெண்டரிடம் பந்து இருக்கும்போது முதலில் விரட்டிக்கொண்டு போவதும் ரஷ்தான். இன்று ப்ரெஸ்ஸிங் என்று பெரிதாகப் பேசுகிறோம், அதை அவர் அன்றே செய்தார். ஹில்ஸ்பரோவுக்கு ஐந்து வாரம் கழித்து நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதியில், மாற்று வீரராக வந்து எவர்ட்டனுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தார். அப்படியும் ஐந்தாவதுதானா? ஆமாம். 1987இல் அவர் யுவென்டஸுக்குப் போன வருடத்தில் அணி 29 லீக் ஆட்டங்கள் தோல்வி காணாமல் போய்ப் பட்டத்தை வென்றது. உருவி எடுத்துப் பார்க்கும் கணக்கு அவருக்குக் கொஞ்சம் கொடுமையானது.

வான் டைக்குக்கு அதே கணக்கு நேர்மாறாக வேலை செய்கிறது. 2020 அக்டோபரில் அவர் முழங்கால் போனது. அதற்குச் சில மாதங்களுக்குமுன் லீக் பட்டம் வென்ற அணி, 2021 தொடக்கத்தில் சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஆறு லீக் ஆட்டங்களில் தோற்றது. அவர் எவ்வளவு நல்ல டிஃபெண்டர் என்று புரிய 2019 மார்ச் 31, டாட்டன்ஹாம் ஆட்டத்தின் ஒரு காட்சி போதும். 1-1, கடைசி நிமிடங்கள், சிஸ்ஸோகோவும் சோனும் ஓடி வருகிறார்கள், எதிரே வான் டைக் மட்டும். அவர் பந்தை நோக்கிப் பாயவே இல்லை. பின்வாங்கிக்கொண்டே சோனுக்குப் போகும் பாதையை மறித்து நின்றார். கோல் அடிக்கத் தெரிந்தவர் சோன், சிஸ்ஸோகோவுக்கு இடது கால் வராது. வேறு வழியில்லாமல் சிஸ்ஸோகோவே இடது காலால் அடித்தார், பந்து கம்பத்துக்கு மேலே போய்விட்டது. தொடாமலே ஒரு கோலைத் தடுத்தார். அடுத்த சில நிமிடங்களில் லிவர்பூல் வென்றது.

சூனஸ் ஏழாவது. 1984இல் ரோமாவை அதன் சொந்த மைதானத்திலேயே வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய கேப்டன். முரட்டு ஆட்டக்காரர் என்று மட்டும் நினைக்க வேண்டாம், டால்கிளிஷின் 1978 கோலுக்கு வந்த பாஸை மறுபடி பாருங்கள். அவர் சாம்ப்டோரியாவுக்குப் போன அடுத்த சீசனில் லிவர்பூலுக்கு ஒரு கோப்பையும் இல்லை. மேலாளராக அவர் திரும்பி வந்த காலத்துக் கசப்பை நான் இதில் சேர்க்கவில்லை.

ஹன்ட், 1961-62இல் 41 லீக் ஆட்டங்களில் 41 கோல் அடித்து அணியை முதல் பிரிவுக்கு ஏற்றியவர், லீகில் மட்டும் எடுத்தால் கிளப்பின் அதிக கோல் இன்றும் அவருடையதுதான். 857 ஆட்டங்கள் ஆடிய கேலகன், இரண்டாம் பிரிவிலிருந்து ஐரோப்பியக் கோப்பை வரை முழுப் பயணத்தையும் சட்டையோடு நடந்து முடித்தவர். அத்தனை ஆட்டத்திலும் நடுவர் அவர் பெயரைக் குறித்துக்கொண்டது ஒரே ஒரு முறை.

வெளியே நிற்பவர்களில் என்னை உறுத்துவது இரண்டு பேர். 1978-79இல் 42 லீக் ஆட்டங்களில் 16 கோல் மட்டுமே விட்ட ரே கிளெமன்ஸ், பந்தைக் காலில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தபடியே நடந்துவரும் ஆலன் ஹேன்சன். கேலகனுக்குப் பதில் ஹேன்சன் என்று யாராவது சொன்னால் மறுக்க என்னிடம் பலமான காரணம் இல்லை.

எட்டாவதான பார்ன்ஸை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன், எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு அவர்தான் பதில். 1988 ஏப்ரல் 13, ஆன்ஃபீல்டு, நாட்டிங்ஹம் ஃபாரஸ்டுக்கு எதிராக 5-0. கோல் தொகுப்பை மட்டும் பார்க்காதீர்கள், ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள். ஃபாரஸ்ட் அப்போது லீகின் நல்ல அணிகளில் ஒன்று. இடது ஓரத்தில் பார்ன்ஸிடம் பந்து வரும்போது டிஃபெண்டர் ஓரடி பின்னால் நகர்வதைக் கவனியுங்கள். கிட்டப் போனால் தாண்டிவிடுவார், விலகி நின்றால் பாஸ் போட்டுவிடுவார். கறுப்பின வீரர்கள் மீது வாழைப்பழம் வீசப்பட்ட காலம் அது. அதே வருடம் பிப்ரவரியில் எவர்ட்டன் மைதானத்தில் அவர் மீதும் வீசினார்கள். அதைக் குதிகாலால் தட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தவர் அவர். அந்த ஆட்டத்தைப் பார்த்து முடித்ததும் 1978 இறுதிக்குப் போங்கள், அங்கிருந்து கார்டிஃப் 2006. லிடலுக்கு முழு ஆட்டப் பதிவு பார்க்கக் கிடைப்பது அரிது, பழைய செய்திப்படத் துணுக்குகள்தான். அதில் இடது ஓரத்தில் தலையைக் குனிந்து நேராகக் கோலை நோக்கி ஓடி வருபவரைத் தேடுங்கள்.